டூஃபா கல்லில் வைத்த சாத்தான் நகம்: இலை முழுக்கப் போய்விட்டது, செடி செத்துவிட்டதா?

கல்லிடுக்கு (அக்டோபர் 18)

எல்லோருக்கும் வணக்கம். விதையிலிருந்து மூன்று வருடமாக வளர்த்து வரும் ஃபைசோப்ளெக்சிஸ் கோமோசா பற்றி ஒரு அவசரக் கேள்வி. இந்தப் பூவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஆல்ப்ஸின் தெற்கு, தென்கிழக்குப் பக்கம், இத்தாலி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா மலைகளில் உள்ள சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில்தான் இது இயற்கையாக வளர்கிறது, உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. மணிப்பூக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் அதன் பேரினத்தில் இந்த ஒரே ஒரு இனம்தான். ஜெர்மன் மொழியில் இதற்குச் சாத்தான் நகம் என்று பெயர். பூவின் படத்தைப் பார்த்தால் ஏன் என்று உடனே புரிந்துவிடும், நுனி கறுத்த நகங்களை ஒன்றாகக் கட்டி வைத்த மாதிரி இருக்கும்.

போன ஏப்ரலில் பாறைத் தோட்டத்தில் ஒரு டூஃபா கல் (நுண்துளை நிறைந்த சுண்ணாம்புக் கல்) வைத்து, அதில் துளை போட்டு மூன்று நாற்றுகளை நட்டேன். ஆகஸ்ட் வரை அருமையாக இருந்தது, ஓரம் பல் பல்லாக வெட்டிய இலைகள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு. செப்டம்பர் கடைசியில் மஞ்சள் தட்டியது. இப்போது மூன்று துளையிலும் கறுத்த காம்பைத் தவிர ஒன்றும் இல்லை. பிடுங்கி வேரைப் பார்த்துவிடலாமா என்று இரண்டு நாளாகக் கை துறுதுறுக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

பனிமொட்டு (அக்டோபர் 18)

பிடுங்காதீர்கள்! மண்வெட்டி ஐயா வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

மண்வெட்டி (அக்டோபர் 19)

தம்பி, பிடுங்க வேண்டாம். இது இலையுதிர்க்கும் செடி. குளிர் வருவதற்கு முன்னால் மேலே இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு, வேர்த்தண்டின் தலையில் சின்னச் சின்ன மொட்டாகச் சுருங்கிக்கொள்ளும். அக்டோபரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதுதான் முறை. டிசம்பரிலும் பச்சையாக நின்றால்தான் நான் கவலைப்படுவேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால், முதல் தடவை வளர்த்தபோது, நீங்கள் பார்த்த அதே காட்சியைத்தான் நானும் பார்த்தேன். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை மக்குக் குவியலின் ஓரத்தில் கொட்டிவிட்டேன். ஏப்ரலில் அங்கே வேறு எதற்கோ குனிந்தபோது, கொட்டிய மண்ணின் மேலேயே அரிசி அளவுக்கு நாலைந்து ஊதா மொட்டுகள். வேர் இரண்டாக முறிந்திருந்தது. எடுத்து நட்டும் பிழைக்கவில்லை. நான்கு வருடச் செடி. இன்றைக்கு வரைக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் மென்மையான தூரிகை ஒன்றை எடுத்து, கழுத்தைச் சுற்றியுள்ள பொடிச் சல்லியை மட்டும் ஒதுக்குங்கள். கழுத்து என்று நான் சொல்வது வேரும் தண்டும் சேரும் இடம். விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழ என்று அழுந்தினால் அழுகல் பிடித்துவிட்டது. பார்த்த பிறகு சல்லியை மறுபடி மூடிவிடுங்கள்.

அப்புறம் எனக்கு நான்கு விவரம் வேண்டும். கல் எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம் மண்ணுக்குள் இருக்கிறது, எந்தத் திசை பார்க்கிறது, துளைகளை எப்படிப் போட்டீர்கள்?

கல்லிடுக்கு (அக்டோபர் 19)

ஐயா, நன்றி. தொட்டுப் பார்த்தேன், மூன்றும் கெட்டிதான். நேற்று இரவு தூக்கமே சரியாக வரவில்லை, இப்போதுதான் மூச்சு வருகிறது.

கல் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளம், 35 உயரம். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். கிழக்கு பார்த்த இடம், காலை வெயில் பதினொரு மணி வரை விழும், பிறகு நிழல். துளை 3 சென்டிமீட்டர் அகலம், 8 ஆழம். இரண்டு துளை கல்லின் தலையில் நேர் கீழாக, மூன்றாவது பக்கவாட்டில். அங்கே தலைப்பகுதியில் இடம் இல்லாததால்தான் பக்கவாட்டில் போட்டேன், வேறு யோசனை ஒன்றும் இல்லை.

மண்வெட்டி (அக்டோபர் 20)

திசை சரி, ஆழம் சரி, கல்லின் அளவும் போதும். தலையில் போட்ட இரண்டு துளைகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கல்லின் உச்சியில் நேர் கீழாகப் போட்ட துளை ஒரு கிண்ணம். டூஃபா நுண்துளைக் கல்தான், தண்ணீரை உறிஞ்சும், சரி. ஆனால் நான்கு நாள் விடாமல் மழை பெய்தால் கல்லே நீர் நிறைந்து நின்றுவிடும், அதற்கு மேல் உறிஞ்ச இடம் ஏது? செடியின் கழுத்து அந்தக் கிண்ணத்தில் வாரக்கணக்கில் ஊறும். இந்தச் செடி இயற்கையில் எங்கே நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். செங்குத்தான பாறைச் சுவர், பெரும்பாலும் மேலே ஒரு துருத்தல். மழை நேராகத் தலையில் விழாது. பாறைக்குள் ஊறி வரும் ஈரம் வேருக்குக் கிடைக்கும், கழுத்து காற்றில் காய்ந்தே இருக்கும். வேர் ஈரத்தில், தலை காற்றில். எத்தனை டிகிரி உறைந்தாலும் அது தாங்கும், பனிச்சரிவு மலையில் பிறந்த செடிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. நம் தோட்டங்களில் அதைக் கொல்வது குளிர்கால ஈரம்தான். ஒரு நாள் மழை, மறுநாள் உறைபனி, அடுத்த நாள் உருகல், மறுபடி மழை, அந்தச் சுழற்சியில் கழுத்தில் பூஞ்சை புகுந்துவிடுகிறது.

அதனால் துளை எப்போதும் பக்கவாட்டில். உள்ளே போகப் போகச் சற்றே கீழ்நோக்கிச் சாய வேண்டும், வேர் ஈரத்தைத் தேடி இறங்குவதற்கு. வாயில் ஒரு கல் சில்லை ஆப்பு மாதிரி செருகிக் கழுத்தை இறுக்கிவிட வேண்டும். உங்கள் மூன்றாவது துளை தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது.

சரளைமேடு (அக்டோபர் 20)

ஐயா சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு, ஒன்றைத் தவிர. இப்போதே போய்ச் செடியை இடம் மாற்றிவிடாதீர்கள் கல்லிடுக்கு. தூங்கும் செடியின் வேரைக் குடைந்தால் இரண்டையும் இழப்பீர்கள். கல்லுக்கு மேலே ஒரு கண்ணாடித் தகடு வையுங்கள், நான்கு மூலையிலும் கல் முட்டுக் கொடுத்து ஒரு சாண் உயரத்தில், பக்கம் நான்கும் திறந்து இருக்கட்டும். நவம்பர் முதல் மார்ச் முதல் வாரம் வரை. காற்று ஓட வேண்டும், மழை மட்டும் விழக்கூடாது. பக்கங்களையும் மூடிவிட்டால் உள்ளே வியர்த்து, மழையைவிட மோசமாகிவிடும்.

மண்வெட்டி (அக்டோபர் 20)

இடம் மாற்றச் சொல்லவில்லை சரளைமேடு, அடுத்த கல்லுக்குச் சொன்னேன். கண்ணாடித் தகடு நல்ல யோசனை. ஒரே எச்சரிக்கை, தகடு வைத்தவர்கள் பிப்ரவரியில் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த மாதக் கடைசியில் மொட்டு அசையத் தொடங்கும்போது கல் காய்ந்திருந்தால் அதுவும் ஆபத்து. கல்லின் அடியைச் சுற்றி மண்ணில் தண்ணீர் விடுங்கள், கல் தானாக மேலே இழுத்துக்கொள்ளும். மேலே ஊற்ற வேண்டாம்.

துளிர் (அக்டோபர் 23)

நான் புதிது. இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று முழுக்க இந்தப் பூவின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் கோடையில் டோலமைட் மலைகளுக்குப் போகப் போகிறேன். அங்கே இது கிடைத்தால் சின்னதாக ஒரு வேர்த்துண்டு மட்டும் எடுத்து வரலாமா? செடிக்குச் சேதம் வராமல்தான்.

விதைப்பெட்டி (அக்டோபர் 23)

துளிர், ஆசை புரிகிறது, ஆனால் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிட ஆணையின் நான்காம் இணைப்பில் இந்தச் செடி பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. காட்டில் பறிப்பது, வெட்டுவது, வேரோடு எடுப்பது எல்லாம் தடை. அப்படி எடுத்ததை வைத்திருப்பதும் விற்பதும்கூடத் தடைதான்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் பாருங்கள். பாறை வெடிப்பில் வளரும் செடியின் வேர் அந்த வெடிப்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இழுத்தால் கையோடு வருவது தலையும் இரண்டு அங்குல வேரும்தான். உங்கள் கையிலும் பிழைக்காது, பாறையிலும் மிச்சம் இருக்காது. சேதம் இல்லாமல் எடுக்க வழியே இல்லாத செடி இது. போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், எந்தப் பக்கம் பார்த்த பாறையில், எவ்வளவு நிழலில், எவ்வளவு ஈரத்தில் நிற்கிறது என்று குறித்து வாருங்கள். அந்தக் குறிப்புதான் வளர்ப்பவருக்கு வேர்த்துண்டைவிடப் பயன்படும்.

விதை தாராளமாகக் கிடைக்கிறது, தோட்டத்தில் வளர்ந்த செடிகளின் விதையைப் பாறைத் தோட்டச் சங்கங்கள் உறுப்பினர்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. பட்டியலில் ஃபைசோப்ளெக்சிஸ் என்ற பெயரில் இல்லை என்றால் ஃபைட்டியூமா கோமோசம் என்று தேடுங்கள். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது, பழைய ஆட்கள் இன்னும் அதையே எழுதுகிறார்கள்.

துளிர் (அக்டோபர் 24)

மன்னிக்கவும் அக்கா, தெரியாமல் கேட்டுவிட்டேன். விதையிலிருந்தே தொடங்குகிறேன். எப்படி என்று சொல்லித் தருவீர்களா?

விதைப்பெட்டி (அக்டோபர் 24)

மன்னிப்பெல்லாம் எதற்கு, கேட்டதால்தானே தெரிந்தது.

விதை தூசி மாதிரி இருக்கும். உறையைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், நிஜமாகவே சொல்கிறேன், ஒரு தும்மலில் ஒரு வருடம் போய்விடும். சின்னத் தொட்டி, சல்லடையில் சலித்த தோட்ட மண் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பருமணலும் பொடிச் சல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு. மேலே அரை சென்டிமீட்டர் பொடிச் சல்லி பரப்பி, விதையை உலர்ந்த மணலில் கலந்து அந்தச் சல்லி மேலேயே தூவுங்கள். மண் போட்டு மூடக்கூடாது. தண்ணீர் பூவாளியில் வேண்டாம், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஏற விடுங்கள், மேல்சல்லி நனைந்ததும் எடுத்துவிடுங்கள்.

டிசம்பரில் விதைத்து வெளியே நிழலில் விட்டுவிடுங்கள், உறையட்டும், உருகட்டும். அந்தக் குளிர்தான் விதையின் தூக்கத்தைக் கலைக்கிறது. பறவை கிளறாமல் மேலே வலை. வசந்தத்தில் ஊசிமுனை அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் வரும்.

சரளைமேடு (அக்டோபர் 24)

வெளியே குளிர் போதாதவர்கள் குளிர்சாதனப் பெட்டியிலும் செய்யலாம். ஈர மணலில் கலந்து 4 அல்லது 5 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு வாரம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

விதைப்பெட்டி (அக்டோபர் 25)

செய்யலாம் அண்ணா, ஆனால் எப்போது வெளியே எடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். நவம்பரில் உள்ளே வைத்து ஜனவரியில் எடுத்தால் முளை வரும்போது வெளிச்சம் இருக்காது. நூல் மாதிரி நீண்டு சாயும். பிப்ரவரியில் உள்ளே வைத்து ஏப்ரலில் எடுப்பதுதான் சரி.

துளிர், ஒன்றை மறக்காதீர்கள். முதல் வருடம் இரண்டு மூன்று இலைதான் விடும், இலையுதிர் காலத்தில் அதுவும் காணாமல் போகும். தொட்டியை எறிந்துவிடாதீர்கள், நாற்றைப் பிரிக்கவும் வேண்டாம். இரண்டாம் வசந்தத்தில் மொட்டு அசையும்போது, வேர் இன்னும் சின்னதாக இருக்கும்போதே, டூஃபா துளைக்கு மாற்றுங்கள். பெரிய செடியைத் துளைக்குள் திணிக்கவே முடியாது. வேரில் ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் வேரைச் சுருட்டித் துளைக்குள் இறக்கி, துணியை மெல்ல உருவிவிட்டு, துளை போட்டபோது விழுந்த கல்பொடியோடு மணல் சேர்த்து நிரப்புங்கள். கல்லை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட்டிருக்க வேண்டும், காய்ந்த கல் வேரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பனிமொட்டு (அக்டோபர் 25)

துளிருக்கு நான் ஒன்று சேர்க்கிறேன். முதல் செடியாக இதை மட்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் சாக்ஸிஃப்ராகா பானிகுலாட்டாவும் காம்பனுலா கோக்லியாரிஃபோலியாவும் வையுங்கள், இரண்டும் சுண்ணாம்பை விரும்புபவை, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அவை எப்போது வாடுகின்றன என்று பார்த்துக் கல்லின் ஈரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

நான் நேர் எதிராக எரிட்ரிகியம் நானத்தில் தொடங்கினேன். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், மெத்தை மாதிரிச் செடி, இலை முழுக்க வெள்ளி ரோமம். அது சுண்ணாம்பு விரும்பாது, கருங்கல் வகைப் பாறையில் நிற்பது. அந்த ரோமத்தில் தண்ணீர் தங்கினால் ஒரே வாரத்தில் நடுவிலிருந்து பழுப்பாகிவிடும். மூன்று முறை வளர்த்து மூன்று முறையும் இழந்தேன். பாறைத் தோட்டம் பற்றி எழுதிய ரெஜினால்ட் ஃபாரர் காலத்திலிருந்து, அவர் 1920-இல் இறந்தார் என்றால் நூறு வருடத்துக்கு மேலாக, பாறைத் தோட்டக்காரர்கள் அதனிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொரு தடவை முயல்வேன், ஆனால் முதலில் கண்ணாடி வீடு கட்டிய பிறகு.

கல்லிடுக்கு (மார்ச் 9)

நண்பர்களே, பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். நவம்பர் 2 அன்று கண்ணாடித் தகடு வைத்தேன், நான்கு முட்டு, பக்கம் திறந்தே இருந்தது. இன்று காலை தூரிகையோடு உட்கார்ந்தேன். பக்கவாட்டுத் துளையில் ஐந்து மொட்டு! கரும் ஊதா, நுனி மட்டும் லேசாகப் பச்சை, ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு. மேல் துளைகளில் ஒன்றில் இரண்டு மொட்டு. இன்னொன்று ஐயா சொன்ன மாதிரியே, தொட்டதும் விரல் உள்ளே போனது. தகடு வைப்பதற்கு முன்பே அக்டோபர் மழையில் நனைந்தது வேலையைக் காட்டிவிட்டது என்று நினைக்கிறேன்.

அழுகியதை எடுத்துவிட்டேன், துளையைக் கல் சில்லால் அடைத்துவிட்டேன்.

மண்வெட்டி (மார்ச் 9)

மூன்றில் இரண்டு, முதல் குளிர்காலத்துக்கு நல்ல கணக்கு. அழுகியது போன துளையில் இந்த வருடம் எதுவும் வைக்க வேண்டாம்.

இப்போது கவனிக்க வேண்டியது நத்தை. ஓடு உள்ளதும் சரி, ஓடில்லாததும் சரி, இந்தச் செடி என்றால் அவற்றுக்கு உயிர். இளம் மொட்டு வந்த இரவே வந்துவிடும். டூஃபாவின் பொந்துகளுக்குள்ளேயே பகலில் ஒளிந்துகொள்ளும், அதனால் கல்லைச் சுற்றிச் செம்புப் பட்டை கட்டினால் மட்டும் போதாது, எதிரி கோட்டைக்குள்ளேயே இருக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள். இரும்பு பாஸ்பேட் குருணை கொஞ்சம் தூவலாம்.

கல்லிடுக்கு (ஏப்ரல் 4)

எழுதவே மனம் வரவில்லை. மேல் துளைச் செடி போய்விட்டது. ஆறு நாள் தவறாமல் இரவில் போய்ப் பார்த்தேன், நேற்று ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டேன். காலையில் இரண்டு தளிரும் தரையோடு தரையாக, கல்லில் வெள்ளிக் கோடு. கோட்டைத் தொடர்ந்து போனால் பின்பக்கப் பொந்து ஒன்றில் நகக்கண் அளவு சாம்பல் நிற நத்தை. ஒன்றே ஒன்று.

பக்கவாட்டுச் செடி தப்பிவிட்டது. அதைச் சுற்றி நுண்கண் கம்பி வலையில் ஒரு கூடை செய்து கல்லோடு சேர்த்துக் களிமண்ணால் ஒட்டிவிட்டேன்.

விதைப்பெட்டி (ஏப்ரல் 4)

கஷ்டமாக இருக்கிறது. தளிர் போனாலும் கழுத்து மிச்சம் இருந்தால் சில நேரம் மறுபடி துளிர்க்கும், எடுத்துவிடாதீர்கள். வலை அப்படியே இருக்கட்டும், பூத்து முடியும் வரை.

சரளைமேடு (ஏப்ரல் 5)

மற்ற பொந்துகளை எல்லாம் மணலும் கல்பொடியும் குழைத்து அடைத்துவிடுங்கள். ஒரு மாலை வேலைதான். என் கல்லில் அதைச் செய்த பிறகுதான் நத்தைத் தொல்லை குறைந்தது.

கல்லிடுக்கு (ஜூலை 14)

பூத்துவிட்டது.

இரண்டு கொத்து. பெரியதில் பதினான்கு பூ எண்ணினேன். நான்கு வருடமாகப் படத்தில் பார்த்ததுதான், ஆனாலும் நேரில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்க்கும்போது வேறு. ஒவ்வொரு பூவும் ஒரு குட்டிக் கூஜா. அடி உப்பலாக வெளிர் ஊதா, மேலே போகப் போகக் குறுகி, கழுத்து கிட்டத்தட்டக் கறுப்பு. மற்ற மணிப்பூக்கள் மாதிரி இதழ் விரியவே இல்லை, நுனி ஒட்டியே இருக்கிறது, அந்த மூடிய வாய் வழியாகச் சூல்தண்டு மட்டும் வெளியே நீண்டு வருகிறது.

பத்து நாளாகக் காலையும் மாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்த்துக் குறித்து வைத்தேன். சூல்தண்டு முதலில் வெளியே வரும்போது அதன் மேல் முழுக்க மகரந்தம் அப்பியிருக்கிறது. மொட்டுக்குள்ளேயே மகரந்தப் பைகள் வெடித்து, தண்டின் ரோமத்தில் ஒட்டி, தண்டு வளரும்போது குழாயைத் துடைக்கும் குச்சி மாதிரி அதை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. பூச்சி வந்து அதை எடுத்துப் போன பிறகு, சில நாள் கழித்துத்தான் நுனி இரண்டாகப் பிளந்து சுருள்கிறது, அதுதான் சூல்முடி. முதலில் கொடுக்கிறது, பிறகு வாங்கத் தயாராகிறது. இன்று காலை குண்டான வண்டுத்தேனீ ஒன்று வலைக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்தது, மனசு கேட்கவில்லை, வலையைக் கழற்றிவிட்டேன்.

ஐயா, அந்தப் பழைய மேல் துளையிலும் நேற்று ஒரு இலை பார்த்தேன். ஒன்றுதான், ஓரம் பல் பல்லாக.

மண்வெட்டி (ஜூலை 14)

அந்த ஒற்றை இலையின் மேல் வலையை மாற்றி வை தம்பி, இன்று ராத்திரிக்குள்.

துளிர் (ஜூலை 15)

அண்ணா, வாழ்த்துகள்! என் தொட்டியில் பதினொரு நாற்று, ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. நான் மலைக்குப் போய் வந்துவிட்டேன், வடக்கு பார்த்த சுவர் ஒன்றில், தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் இருந்தது, அதன் மேல் பாறை துருத்திக்கொண்டு இருந்தது. அதற்கு முந்தின ராத்திரி மழை பெய்து சுவரே நனைந்திருந்தது, செடி இருந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது. கையை நீட்டி அந்த வெடிப்பின் கீழ் ஓரத்தைத் தொட்டேன், உள்ளே ஜில்லென்று ஈரம். விதைப்பெட்டி அக்கா, விதை முற்றியதும் கல்லிடுக்கு அண்ணாவிடம் எனக்காகக் கொஞ்சம் கேட்டு வையுங்கள்.

கல்லிடுக்கு (ஜூலை 15)

கேட்கவே வேண்டாம் துளிர், முதல் உறை உங்களுக்குத்தான். வலை மாற்றியாயிற்று ஐயா.